ஒரு அமர்வுக்கு எவ்வளவு கேட்பது? தனியாக உளவளத்துணை (கவுன்சலிங்) தொடங்கியவர்கள் சொல்லுங்கள்

ஹட்டன் அகல் | 2025 ஜூன் 7, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எட்டு வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தில் உளவளத்துணையாளராக இருந்தேன். திட்டம் முடிந்தது, சம்பளமும் நின்றது. போன பெப்ரவரியில் ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேலே சின்ன அறை எடுத்துத் தனியாகத் தொடங்கினேன். ஆட்கள் வருகிறார்கள், வேலையைப் பற்றிப் பயமில்லை. காசு கேட்கத்தான் வாய் வரமாட்டேன் என்கிறது.

நிறுவனத்தில் இருந்தபோது வருகிறவர்களுக்கு எல்லாம் இலவசம், எனக்கு மாதச் சம்பளம். அதனால் இந்தப் பேச்சே எழவில்லை. இப்போது 1500 என்று ஒரு தொகை வைத்திருக்கிறேன். ஏன் 1500 என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 2000 என்று சொல்ல வெட்கமாக இருந்தது, 1000 என்றால் வாடகைக்கே காணாது, அவ்வளவுதான்.

போன கிழமை நடந்ததைச் சொல்கிறேன் (ஆளை அடையாளம் காண முடியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்). தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், மகனைப் பறிகொடுத்து ஏழு மாதம். ஐம்பது நிமிடம் பேசினோம், பாதி நேரம் அழுதார். எழும்பும்போது கிளினிக் கொப்பியின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நாலாக மடித்த ஆயிரம் ரூபாத் தாளை எடுத்து மேசையில் வைத்து, விரலால் நீவி நீவி நேராக்கிவிட்டு, "இதுல மிஸ்ஸுக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு திருப்பித் தருவீங்க?" என்று கேட்டார். "வேண்டாம்மா, வச்சிக்கங்க" என்றேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இந்தக் கிழமை அவர் வரவில்லை. போன் எடுத்தால், "கையில காசு சேந்ததும் வாறேன் மிஸ், சும்மா வந்து ஒக்காந்தா எனக்கு சரியில்ல" என்கிறார்.

அதே நாள் பின்னேரம் வங்கியில் வேலை செய்யும் ஒருவர் 1500 ரூபாவை நீட்டி, "அவ்வளவுதானா?" என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

இரண்டு பேருக்கும் நான் கேட்ட தொகை பிழை என்று தோன்றுகிறது. நீங்கள் எல்லாம் எப்படி முடிவு செய்தீர்கள்?

பூண்டுலோயா கணக்கு | ஜூன் 7, இரவு 10.15

அக்கா, நான் உளவளத்துணை படித்தவன் இல்லை, கணக்கு வேலை செய்கிறவன். என் மனைவி இந்தத் துறையில் இருப்பதால் இந்த இழைகளை வாசிப்பேன். ஒரு கேள்விதான் கேட்கிறேன்: மாதம் உங்களுக்கு எவ்வளவு செலவு, மே மாதம் உண்மையாக எத்தனை அமர்வு நடந்தது? நடக்கும் என்று நினைத்த எண்ணிக்கை வேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள்.

ஹட்டன் அகல் | ஜூன் 7, இரவு 11.02

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அறை வாடகை 15,000. கரண்ட், தண்ணீர், டேட்டா 5,000. மாதம் இரண்டு தடவை எனக்கு மூத்தவர் ஒருவரிடம் மேற்பார்வைக்கு (என் வேலையைப் பற்றிப் பேசி வழிகாட்டல் கேட்க) போகிறேன், அதற்கு 6,000. தேத்தண்ணி, டிஷ்யூ, போட்டோகொப்பி, கண்டிக்குப் பஸ் எல்லாம் 4,000. வீட்டுக்கு 75,000 இல்லாமல் முடியாது, அம்மாவின் மருந்து, பிள்ளைகளின் வகுப்பு எல்லாம் அதற்குள்தான்.

மே மாதம் 46 அமர்வு. அதில் 9 பேரிடம் நான் காசு வாங்கவில்லை.

பூண்டுலோயா கணக்கு | ஜூன் 7, இரவு 11.30

நன்றி அக்கா, திறந்து சொன்னதற்கு. ஒன்றை விட்டுவிட்டீர்கள். நிறுவனத்தில் இருந்தபோது ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் போகும், அவர்கள் 12 வீதம் போடுவார்கள், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் வேறு. இப்போது உங்கள் கிழட்டு வயதுக்கு யாரும் ஒரு சதம் போடவில்லை. மாதம் 10,000 ஆவது அதற்கென்று ஒதுக்குங்கள்.

அப்படியென்றால் மொத்தம் 1,15,000. 46 அமர்வால் பிரித்தால் 2,500. உங்களுக்கு உண்மையில் வந்தது 37 பேரின் 1,500, அதாவது 55,500. மாதம் 59,500 குறைகிறது. அது எங்கிருந்து வருகிறது? சேமிப்பிலிருந்தா, நகையிலிருந்தா?

பதில் எழுத வேண்டாம். என் மனைவி இரண்டு வளையலை அடகு வைத்த பிறகுதான் எனக்கே சொன்னார், அதனால் கேட்கிறேன். இப்படியே போனால் அடுத்த வருடம் அந்த அறையைப் பூட்டுவீர்கள். அப்புறம் அந்த அம்மா எங்கே போவார்?

பண்டாரவளை மேடு | ஜூன் 8, காலை 6.20

தங்கச்சி, 20 வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன், நீங்கள் செய்த எல்லாப் பிழையையும் நானும் செய்திருக்கிறேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலும் இல்லை. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டே இதில் இரண்டு பக்கமும் நின்றவர். 1913இல் எழுதும்போது, பத்து வருடமாகத் தினம் ஒரு மணி நேரம், சில காலம் இரண்டு மணி நேரம், இலவசமாகப் பார்த்ததாகவும், எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை என்றும், காசு வாங்காததே சிலருக்குத் தடையாகிவிட்டது என்றும் சொல்கிறார். ஐந்து வருடம் கழித்து, யுத்தம் முடியும் நேரம், 1918இல் புடாபெஸ்டில் பேசும்போது, ஏழைக்குச் சத்திரசிகிச்சையில் இருக்கிற அதே உரிமை மனத்துக்கான உதவியிலும் இருக்கிறது, ஒரு நாள் இது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறார். 1920இல் பெர்லினில் அப்படி ஒரு நிலையத்தை அவருடைய ஆட்கள் தொடங்கியும் விட்டார்கள், முடிந்தவர் முடிந்ததைக் கொடுப்பது, முடியாதவர் கொடுக்காமல் இருப்பது என்று.

இரண்டும் சரி என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. நீங்கள் அந்த அம்மாவிடம் விட்ட பிழை காசு வாங்காதது இல்லை. வாசலில், அவர் தாளை நீட்டிய பிறகு, நீங்கள் இரக்கப்பட்டு முடிவெடுத்ததுதான். அந்த ஐம்பது நிமிடமும் அவர் உங்களுக்குச் சமமாக உட்கார்ந்திருந்தார், கடைசி அரை நிமிடத்தில் நீங்கள் கொடுப்பவர், அவர் வாங்குபவர் என்று ஆகிவிட்டது. போனில் முதல்முறை பேசும்போதே "உங்களுக்கு இவ்வளவு" என்று சொல்லியிருந்தால், அது 200 ரூபாவாக இருந்தாலும், அவர் மடித்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலைநிமிர்ந்து போயிருப்பார்.

மஸ்கெலியா தங்கச்சி | ஜூன் 8, காலை 11.48

நான் உளவளத்துணையாளர் இல்லை, போய்வந்த ஆள். எழுதலாமா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே எல்லோரும் வாங்குகிறவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள்.

எங்கள் அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். நாட்சம்பளம் போன வருடம் செப்டம்பரில் 1350 ஆனது. அதுவும் சொன்ன கிலோ எடுத்தால்தான் முழுப் பேர் (முழு நாட்சம்பளம்), குறைந்தால் அரைப் பேர் (பாதிச் சம்பளம்). நான் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மிஸ்ஸிடம் போனேன் (ஹட்டனில் இல்லை), அவர் என்மேல் இரக்கப்பட்டு 500தான் வாங்கினார். ஆனால் அவருக்கு நேரம் கிழமை நாளில் காலை பத்து மணிக்குத்தான். நான் தனியாகப் போகப் பயப்பட்டதால் அம்மா கூட வருவார். அம்மாவுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. இரண்டு பேருக்கும் பஸ், மழை என்றால் டவுனிலிருந்து ஓட்டோ, மத்தியானச் சாப்பாடு. 500 ரூபா அமர்வுக்கு எங்கள் வீட்டில் 2,500க்குக் குறையாமல் போனது. நாலு தடவை போனேன், ஐந்தாவது தடவை அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய்விட்டார். எனக்கு விளங்கியது.

காசைக் குறைக்க முதல் நேரத்தை மாற்றுங்கள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலை வையுங்கள். கொழுந்து கூடிய காலத்தில் அன்றைக்கும் கைக்காசு வேலை (கிலோ கணக்கில் காசு தரும் வேலை) இருக்கும், ஆனாலும் அது அவரவர் விருப்பம். அப்புறம் சம்பளம் பத்தாம் திகதி. ஐந்தாம் திகதி வரச் சொன்னால் யார் கையிலும் ஒன்றும் இருக்காது. 12, 13ஆம் திகதி வரச் சொல்லுங்கள்.

ஹட்டன் அகல் | ஜூன் 8, மதியம் 1.15

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். நானும் லயத்தில் பிறந்தவள்தான். இருந்தும் இந்தப் பேர் கணக்கு எனக்கு ஓடவில்லை. அந்த அம்மா வந்தது ஒரு புதன்கிழமை. அந்த ஆயிரம் ரூபா வருவதற்கு முன்பே அவருக்கு அன்றைய 1350 போய்விட்டது.

ஞாயிறு திறக்கிறேன். திங்கள் லீவு எடுத்துக்கொள்கிறேன்.

கண்டி ரோட் | ஜூன் 8, பின்னேரம் 4.30

நான் கொஞ்சம் மறுத்துப் பேசப் போகிறேன், கோபிக்க வேண்டாம். தோட்டத்து ஆட்களிடம் காசு வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. நம் சனம் 200 வருடமாக இந்த நாட்டுக்கு உழைத்துக் கொடுத்த சனம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் இலவசம், மருந்தும் இலவசம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அதுவும் இலவசம். அவசரம் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற போன் இலக்கம் இருக்கிறது. ஆக, வருகிற ஆளிடம் இதை எல்லாம் சொல்லாமல் காசு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் இலவசமான இடத்தைக் காட்ட வேண்டும், அங்கே முடியாவிட்டால்தான் நம்மிடம்.

ஹட்டன் அகல் | ஜூன் 8, மாலை 6.05

கண்டி ரோட் அண்ணா, கோபம் இல்லை. முதல் போனிலேயே இலவச இடங்களைச் சொல்வது என்ற பகுதியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். குரல் கேட்கிறது, தூக்கமே இல்லை, சாக வேண்டும் போல இருக்கிறது என்று வருகிறவரை நான் எப்படியும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியே ஆகவேண்டும், மருந்து எழுதும் வேலை என்னுடையது இல்லை.

ஆனால் ஒன்று. இலவசமான இடத்தில் நீண்ட வரிசை, நமக்கு விளங்காத பாஷை, பக்கத்து வீட்டு ஆள் பார்த்துவிடுவார் என்ற பயம். இதனால்தான் சிலர் மாடிப்படி ஏறி என்னிடம் வருகிறார்கள். கீழே கடையில் சாமான் வாங்கப் போவது போல வந்து, சட்டென்று படியேறுகிறார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை.

பண்டாரவளை மேடு | ஜூன் 8, இரவு 8.50

கண்டி ரோட் சொல்வதில் ஒரு இடத்தில் நான் முழுதாக உடன்படுகிறேன். 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண்சரிந்தது. அதன் பிறகு அந்தப் பக்கத்து ஆட்களை மாதக்கணக்கில் பார்த்தேன். அப்படிப்பட்ட நேரத்தில் கட்டணம் என்ற பேச்சே வரக்கூடாது, யார் கையிலும் வாங்கவில்லை. அனர்த்தம் வேறு, அன்றாடம் வேறு.

மரக்கறி பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதை எல்லோரும் சந்திப்பீர்கள். தோட்டம் போட்டிருக்கிற ஒருவர் எனக்குக் காசுக்குப் பதிலாகக் கிழமைக்கு ஒரு பை லீக்ஸும் கரட்டும் கொண்டு வருவார். வாங்கினேன், மனமுவந்துதான் வாங்கினேன். மூன்றாவது மாதம் கரட் விலை ஏறியது. பை சின்னதானது. அதற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். வீட்டுப் பிரச்சினை பேச வந்த மனிதர் பத்து நிமிடம் கரட் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றோடு நிறுத்தினேன். இப்போது 300 ரூபாவோ 500 ரூபாவோ, காசாகத்தான் பேசுகிறேன். தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வேன், அது வேறு.

டோஹா இரவு | ஜூன் 8, இரவு 11.40

தலவாக்கலைப் பக்கம் என் ஊர், கத்தாரில் ஒன்பது வருடம். அக்கா, எங்களைப் போன்ற ஆட்களை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை? இங்கே அறையில் எட்டுப் பேர், மனம் விட்டுத் தமிழில் பேச ஒரு ஆள் இல்லை. எங்களிடம் 3,500, 4,000 கேளுங்கள், தருவோம். உங்களுக்கு இரவு ஒன்பதரை என்றால் இங்கே ஏழு மணி, வேலை முடிந்திருக்கும். கடைக்குப் பின்னால் போய் நின்று பேசலாம்.

இன்னொன்று. ஊரில் எங்கள் அம்மாவுக்கு அப்பா போன பிறகு பேச்சே குறைந்துவிட்டது. அவருக்கு உரிய காசை நான் இங்கிருந்து போட்டால் பார்ப்பீர்களா? முழுக் கட்டணமும் தருகிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் எனக்கு மாதம் ஒருதரம் சொன்னால் போதும்.

ஹட்டன் அகல் | ஜூன் 9, காலை 7.10

தம்பி, அம்மாவைப் பார்க்கலாம், காசை நீங்கள் போடலாம். ஆனால் அம்மா என்ன சொன்னார் என்று உங்களிடம் நான் சொல்லமாட்டேன். வந்தாரா வரவில்லையா என்பதைக்கூட அவர் சம்மதித்தால்தான் சொல்வேன். காசு கட்டுபவருக்குக் கதை தெரிய வேண்டும் என்று நினைப்பது இயல்புதான், உங்கள் பாசம் எனக்கு விளங்குகிறது. ஆனால் மகனுக்குப் போய்ச் சேரும் என்று தெரிந்தால் எந்த அம்மாவும் "எனக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். அம்மாவிடம் முதலில் கேளுங்கள், அவருக்கு விருப்பம் என்றால் அவரே எனக்குப் போன் எடுக்கட்டும்.

உங்களுக்கும் இரவு நேரம் வைக்கிறேன். கடைக்குப் பின்னால் நின்று பேசுவது சரிவராது, ஆட்கள் வராத இடம் ஒன்று பார்த்து வையுங்கள்.

டோஹா இரவு | ஜூன் 9, காலை 8.30

சரி அக்கா. அம்மாவிடம் இன்றைக்குக் கேட்கிறேன்.

பூண்டுலோயா கணக்கு | ஜூன் 9, இரவு 9.15

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். மாதம் அதே 46 அமர்வு. வெளிநாட்டில் இருப்பவர்கள், வங்கி, பெரிய உத்தியோகம், கடை முதலாளிகள், இவர்களுக்கு 3,500 என்று 17 அமர்வு. ஆசிரியர்கள், கிளார்க்மார் போன்றவர்களுக்கு 2,500 என்று 19. தோட்டத்து ஆட்களுக்கு 700 என்று 10. கூட்டினால் 1,14,000. உங்களுக்குத் தேவை 1,15,000. ஆயிரம் ரூபாதான் வித்தியாசம்.

700 எங்கிருந்து வந்தது என்றால், 1350இல் பாதி 675. நாட்சம்பளம் கூடினால் அதுவும் கூடும், ஒவ்வொரு தடவையும் யோசிக்கத் தேவையில்லை. "அரைப் பேர் கட்டணம்" என்றே எழுதி வைக்கலாம், எல்லோருக்கும் உடனே விளங்கும்.

வரியும் சொல்கிறேன். இந்த ஏப்ரலில் இருந்து வருடம் 18 லட்சம் வரை, அதாவது மாதம் 1,50,000 வரை வருமான வரி இல்லை. நீங்கள் அதற்குக் கீழேதான். ஆனாலும் வரி இலக்கம் எடுத்து வையுங்கள், ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள், 700 ரூபாவுக்கும்.

மஸ்கெலியா தங்கச்சி | ஜூன் 9, இரவு 9.52

அண்ணா, கணக்கு நல்லது. ஆனால் தயவுசெய்து அந்தப் பெயர் வேண்டாம். அரைப் பேர் என்பது நம்மவர்களுக்கு என்ன சொல் என்று உங்களுக்கும் தெரியும். நாள் முழுக்க மழையில் நின்று, கடைசியில் கொழுந்து நிறுக்கும்போது இரண்டு கிலோ குறைந்தது என்று சொல்லும்போது கேட்கிற சொல் அது. எங்கள் அம்மா அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்குத் தெரியும். துக்கம் பேசப் போகிற இடத்து வாசலிலும் அதை வாசிக்க வைக்காதீர்கள். 700 என்று மட்டும் எழுதுங்கள்.

பூண்டுலோயா கணக்கு | ஜூன் 9, இரவு 10.01

மன்னித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. யோசிக்காமல் எழுதிவிட்டேன். எடுத்துவிடுவோம்.

கண்டி ரோட் | ஜூன் 10, காலை 9.20

700 பற்றி என் மனம் இன்னும் முழுதாக ஆறவில்லை, ஆனால் இலவச இடத்தை முதலில் சொல்வதாக இருந்தால் நான் எதிர்க்கவில்லை. ஒரு கேள்வி: யார் எந்தத் தொகை என்று எப்படி முடிவு செய்வீர்கள்? சம்பளச் சீட்டுக் கேட்பீர்களா?

ஹட்டன் அகல் | ஜூன் 10, மதியம் 12.40

கேட்கமாட்டேன். மூன்று தொகையையும் போனில் சொல்லிவிட்டு, "உங்களுக்கு எது சரிவரும்?" என்று அவர்களிடமே விடப்போகிறேன். யாராவது இருந்தும் குறைத்துச் சொன்னால் சொல்லட்டும். நம் ஆட்களில் இல்லாமலே கூட்டிச் சொல்கிறவர்கள்தான் அதிகம், என் கவலை அதுதான். அப்படி யாராவது 2,500 என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை தள்ளிப் போட்டால், நானே எடுத்துப் பேசுவேன்.

வராமல் விட்டால் என்ன என்பதையும் யோசித்தேன். முந்தின நாளே சொன்னால் ஒன்றுமில்லை. சொல்லாமல் வராவிட்டால் 3,500, 2,500 காரர்களிடம் பாதி. தோட்டத்து ஆட்களிடம் இல்லை. இந்த ஜூன் மழையில் ரோட்டில் மண் விழுந்து பஸ் நின்றால், யாராக இருந்தாலும் ஒரு சதமும் இல்லை.

அந்த அம்மாவுக்கு இன்று காலை போன் எடுத்தேன். "அம்மா, அன்றைக்கு நான் காசு வேண்டாம் என்றது பிழை, ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு 700 ரூபா, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி, பேர் போகாது" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப அன்னைக்கு உள்ள எழுநூறும் சேத்து குடுக்கவா மிஸ்?" என்று கேட்டார். "அது முடிஞ்சது, இனிமேல் உள்ளதைப் பார்ப்போம்" என்றேன். 15ஆம் திகதிக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கதவில் ஒட்டவும் இதை எழுதினேன், சிங்களத்திலும் ஒன்று எழுதுகிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"ஒரு அமர்வு 50 நிமிடம். கட்டணம் 3,500, 2,500, 700 என மூன்று வகை. உங்களுக்கு எது முடியும் என்பதை நீங்களே சொல்லுங்கள், காரணம் கேட்க மாட்டோம். ஏழை எளியவர்களுக்குச் சலுகை உண்டு. ஞாயிறு காலை 8 மணி முதல் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு முன்னுரிமை. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் பிரதேச செயலகத்திலும் இந்த உதவி இலவசமாகக் கிடைக்கும், அவசரத்துக்கு 1926. நீங்கள் பேசுவது இந்த அறையை விட்டுப் போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உங்களுக்குச் சொல்லிவிட்டு உதவி தேடுவோம்."

மஸ்கெலியா தங்கச்சி | ஜூன் 10, மதியம் 1.05

நாலாவது வசனத்தை எடுத்துவிடுங்கள் அக்கா. அதற்கு முந்தினதே போதும்.

ஹட்டன் அகல் | ஜூன் 10, மதியம் 1.20

எடுத்துவிட்டேன்.